ஆலைச்சங்கு ஏன் நிறுத்தப்பட்டது? போபால் 1984: ஒரு நிறுவனத்தின் எச்சரிக்கை மொழி

நெருக்கடிக் காலத்தில் ஒரு நிறுவனம் எப்படிப் பேச வேண்டும் என்னும் பாடம், மேலாண்மை வகுப்புகளில் பெரும்பாலும் 1982ஆம் ஆண்டின் சிகாகோ நகரிலிருந்தே தொடங்கும். டைலெனால் என்னும் வலிநீக்கிக் குளிகைகளில் யாரோ சயனைடைக் கலந்து கடைகளில் வைத்துவிட, 7 பேர் இறந்தனர். தயாரிப்பாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன், அக்குளிகையை உட்கொள்ள வேண்டாம் என்று நாடெங்கும் அறிவித்தது. ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. யாரேனும் பிரித்திருந்தால் தெரிந்துவிடும் வகையில் முத்திரையிட்ட புட்டியைப் பின்னர் கொண்டுவந்தது. விரைந்து பேசு, மறைக்காதே, மக்களின் உயிரை முன்னிறுத்து என்பதே அந்நிகழ்விலிருந்து மாணவர்களுக்குச் சொல்லப்படும் நீதி.

இந்தியாவில் இப்பாடத்தை, அடுத்த இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்த போபாலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. போபால் நமக்குச் சட்ட வரலாறாகவும் மருத்துவ வரலாறாகவும் சூழலியல் போராட்ட வரலாறாகவும் நன்கு அறிமுகமானது. அதை ஒரு நிறுவனத்தின் தகவல் தொடர்பு வரலாறாகப் படிப்போர் குறைவு. அப்படிப் படிக்கும்போதும், அன்றிரவு தகவல் தொடர்பு முற்றிலும் சீர்குலைந்தது என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறோம். அந்த வரி சரியானதுதானா என்பதே இப்பதிவின் கேள்வி. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அன்றிரவின் மௌனத்தில் பெரும்பகுதி தற்செயலாக நேரவில்லை என்றே தெரிகிறது. அமைதியான நாட்களில் அந்நிறுவனம் செய்துவைத்திருந்த ஏற்பாடுகள், செய்துவைத்தபடியே நடந்தேறின.

1. மருந்து என்னும் சொல்

யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனம் 1969இல் போபாலின் வடபகுதியில் தன் பூச்சிக்கொல்லி ஆலையைத் தொடங்கியது. அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கார்ப்பரேஷன் இந்நிறுவனத்தில் 50.9 விழுக்காடு பங்குகளை வைத்திருந்தது. ‘செவின்’ என்ற வணிகப் பெயரில் விற்கப்பட்ட கார்பரில் என்னும் பூச்சிக்கொல்லியே ஆலையின் முதன்மை உற்பத்தி. அதற்கு வேண்டிய மெத்தில் ஐசோசயனேட் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1980 முதல் போபாலிலேயே தயாரிக்கப்பட்டது. எளிதில் ஆவியாகக்கூடிய திரவம் அது. நீர் சேர்ந்தால் பெரும் வெப்பத்தை உமிழ்ந்தபடி வினைபுரியும். அதன் ஆவி கண்களையும் நுரையீரலையும் சிதைக்கும்.

ஆலையின் மதிலை ஒட்டி ஜெயப்பிரகாஷ் நகர், காஜி கேம்ப், சோலா போன்ற குடியிருப்புகள் இருந்தன. அங்கு வாழ்ந்தவர்களில் பலர், உள்ளே தயாராவது ‘கேத்தி கீ தவாயி’, அதாவது பயிருக்கான மருந்து, என்றே எண்ணியிருந்தனர். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட மொழியியல் பயின்ற எனக்கு மனம் வரவில்லை. இந்தியில் பூச்சிக்கொல்லியைக் குறிக்க மக்கள் வழங்கும் இயல்பான சொல்லே அதுதான். தமிழிலும் அப்படித்தானே? வயலுக்கு ‘மருந்து அடிக்கிறோம்’. கடையில் ‘பூச்சிமருந்து’ வாங்குகிறோம். ஒருவர் ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்று ஊரார் சொன்னால், அதன் பொருள் நமக்கு நன்றாகவே தெரியும். மருந்து எங்கே நோய் தீர்ப்பது, எங்கே நஞ்சு என்பதைச் சூழல்தான் நமக்குச் சொல்கிறது. ஆலை மதிலுக்கு அருகே குடியிருந்தவருக்கு அந்தச் சூழலைச் சொல்லித்தர வேண்டிய கடமை, உள்ளே இருப்பதை அறிந்த ஒரே தரப்புக்கு உரியது. ஆலைக்குள் என்ன சேமிக்கப்படுகிறது, கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அக்கம்பக்கத்தாரின் மொழியில் விளக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. நஞ்சின் பெயர் மக்கள் வழக்கில் மருந்தாகவே நீடித்தது. அப்பெயர் நிறுவனத்துக்கு இடையூறாகவும் இல்லை.

2. கையேட்டின் மொழி

உள்ளே பணியாற்றியவர்களின் நிலை என்ன? இயக்கக் கையேடுகளும் பாதுகாப்பு விதிகளும் ஆங்கிலத்தில் இருந்தன. தொழிலாளர்களில் ஆங்கிலத்தைச் சரளமாக வாசிக்கக்கூடியோர் சிலரே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 108ஆம் பிரிவில், ஆலையில் சட்டப்படி ஒட்டவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோர்க்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்று அப்போதே கூறியிருந்தது. அதாவது, இந்தச் சிக்கலைச் சட்டம் 36 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தது. ஆனால் வேலைநேரம், ஓய்வுநாள் போன்றவற்றைத் தெரிவிக்கும் சுவரறிவிப்பு வேறு. ஒரு வால்வை மூடும்போது எந்தத் தகட்டை எங்கே செருக வேண்டும் என்று கூறும் கையேடு வேறு. முன்னதற்கு மொழிபெயர்ப்பு கட்டாயம். உயிர் தொங்கும் பின்னதற்கு அத்தகைய கட்டாயம் இல்லை.

கையேடு வாசிக்கப்படாத இடத்தில் உடலே கருவியாகிறது. மெத்தில் ஐசோசயனேட் கசிவதைத் தொழிலாளர்கள் வழக்கமாக அறிந்தது தம் கண்ணெரிச்சலைக் கொண்டுதான் என்பதைப் பின்னர் வந்த விசாரணைகள் பதிவு செய்துள்ளன. கண்ணெரிச்சல் அன்றாடமாகிவிட்டால் அது அபாயத்தின் அறிகுறியாக எஞ்சுவதில்லை. டிசம்பர் 2ஆம் நாள் இரவு 11:30 மணியளவில் தொழிலாளர்களுக்குக் கண்ணெரிந்தபோது, தேநீருக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

3. வளங்கள் குறைய, அறிகுறிகளும் மறைந்தன

எச்சரிக்கை என்பது வெறும் சொல் அன்று. அதன் பின்னால் கருவியும் ஆளும் பணமும் இருக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் செவின் விற்பனை சரிந்தது, ஆலை நட்டத்தில் ஓடியது, சிக்கனம் தொடங்கியது. மெத்தில் ஐசோசயனேட் பிரிவில் ஒரு முறைப்பணியில் 12 பேர் இருந்த இடத்தில் 6 பேர் ஆயினர். சேமிப்புக் கலன்களைக் குளிர்விக்கும் அமைப்பு 1984 ஜூனில் நிறுத்தப்பட்டது. கசியும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரம், அரித்துப்போன குழாயின் ஒரு பகுதி கழற்றப்பட்டதால் பயன்பாட்டில் இல்லை. வாயுவை எரிசோடாக் கரைசலால் கழுவி நடுநிலையாக்கும் அமைப்பு ஆயத்த நிலைக்கு மாற்றி வைக்கப்பட்டிருந்தது. தண்ணீரைப் பீய்ச்சும் குழாய்கள், வாயு வெளியேறும் உயரத்தை எட்டும் வலுவற்றவை.

இவற்றுள் குளிர்விப்பைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கலனிலுள்ள திரவம் எப்போதும் குளிர்ந்த நிலையில் இருந்தால்தான், வெப்பநிலை ஏறுவது ஓர் அறிகுறியாகும். குளிர்விப்பை நிறுத்தியபின் திரவம் சுற்றுப்புற வெப்பநிலையை ஒட்டியே இருந்தது. வெப்பநிலை ஏற்றத்தைக் காட்டி எச்சரிக்க வேண்டிய கருவிக்கு இனிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றாயிற்று. செலவைக் குறைத்த அதே முடிவு, எச்சரிக்கையின் வாயையும் அடைத்துவிட்டது. வளத் திட்டமும் தகவல் தொடர்புத் திட்டமும் வெவ்வேறு துறைகளின் வேலை என்று நிறுவனங்கள் இன்றும் பிரித்து வைக்கின்றன. போபாலில் அவை ஒரே குழாயின் இரு முனைகளாக இருந்தன.

4. சொன்னவர்கள், கேட்காதவர்கள்

யாரும் எச்சரிக்கவில்லை என்று கூறவும் இயலாது. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஆலைத் தொழிலாளர் ஒருவர் இறந்தார். 1982 மே மாதம் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த பாதுகாப்புத் தணிக்கைக் குழு, நச்சுப்பொருள் பெருமளவில் கசியக்கூடிய வாய்ப்புகளைத் தன் அறிக்கையில் குறித்தது. தொழிற்சங்கத்தினர் ஆலையின் ஆபத்தைச் சுட்டி நகரில் சுவரொட்டிகள் ஒட்டினர். அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் போபால் இதழாளர் ராஜ்குமார் கேஸ்வானி, ‘ரபட்’ என்னும் தம் சிறு இந்தி வார இதழில், நகரம் எரிமலையின் வாயில் அமர்ந்திருப்பதாக அடுத்தடுத்து எழுதினார். 1984 ஜூனில் ‘ஜன்சத்தா’ நாளிதழிலும் எழுதினார். இதற்கிடையே, 1982 டிசம்பரில் மாநிலச் சட்டப்பேரவையில் எழுந்த கேள்விக்கு, போபாலுக்கு ஆபத்து ஏதுமில்லை என்று அமைச்சர் உறுதியளித்திருந்தார்.

1984 செப்டம்பரில் மற்றோர் ஆவணம் உருவானது. மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிடியூட் என்னும் ஊரிலுள்ள யூனியன் கார்பைடு ஆலையைப் பற்றிய உள்துறைக் குறிப்பு அது. மெத்தில் ஐசோசயனேட் கலனில் கட்டுக்கடங்காத வினை நிகழ வாய்ப்புண்டு என்று அது எச்சரித்தது. அக்குறிப்பு போபாலுக்கு அனுப்பப்படவில்லை. 1985 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன் அதை வெளியிட்டபோதுதான் உலகம் அறிந்தது.

இந்த வரிசையில் மொழிகளின் ஓட்டத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தணிக்கை அறிக்கை நிறுவனத்துக்குள்ளேயே சுற்றியது. இந்தியில் எழுதப்பட்ட எச்சரிக்கை நிறுவனத்துக்கு வெளியிலேயே சுற்றியது. இரண்டும் சந்திக்கும் மேசை ஒன்றுகூட இருக்கவில்லை.

5. அன்றிரவு

டிசம்பர் 2 இரவு, ஏறத்தாழ 42 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்த 610ஆம் எண் கலனுக்குள் நீர் புகுந்திருந்தது. நீர் எவ்வாறு புகுந்தது என்பதில் நிறுவனத்தின் வாதமும் பிற ஆய்வுகளும் இன்றும் மாறுபடுகின்றன. அவ்விவாதம் இங்கு நமக்கு வேண்டியதில்லை. நள்ளிரவுக்குப்பின் அழுத்தம் கட்டுமீறியது. நச்சுவாயு புகைபோக்கியின் வழியே வெளியேறிக் காற்றோடு நகருக்குள் இறங்கியது.

12:50 மணியளவில் ஆலைச்சங்கு ஒலித்தது. ஆலையில் இருவகைச் சங்குகள் இருந்தன: ஒன்று உள்ளிருப்போர்க்கு, மற்றொன்று ஊராருக்கு. 1982இல் இவ்விரண்டின் இணைப்பும் பிரிக்கப்பட்டிருந்தது. உள்சங்கை ஒலிக்கவிட்டு, ஊருக்கான சங்கை மட்டும் நிறுத்திவிட அதனால் முடிந்தது. சிறுசிறு கசிவுகளுக்கெல்லாம் அக்கம்பக்கத்தாரைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது அந்த நடைமுறையின் நோக்கம். அன்றிரவும் அந்நடைமுறை வழுவாமல் பின்பற்றப்பட்டது. ஊருக்கான சங்கு சில நிமிடங்களில் நின்றது. அது மீண்டும் நீண்டு ஒலித்தது ஏறத்தாழ 2:15 மணிக்கு. அதற்குள் கலனிலிருந்து வாயு வெளியேறுவதே ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

அந்த விதியில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஓயாமல் ஒலிக்கும் சங்குக்கு மதிப்பிருக்காது. வெவ்வேறு காரணங்களுக்காக அச்சங்கு அடிக்கடி ஒலித்துவந்ததால், அபாய ஒலி எது, வழக்கமான ஒலி எது என்று மக்களால் பிரித்தறிய முடியவில்லை. தீவிபத்து என்று எண்ணி உதவ ஆலையை நோக்கி வந்தவர்களும் உண்டு என்று அக்காலச் செய்திகள் கூறுகின்றன. ஒரு குறிக்குப் பல பொருள் இருந்து, அவற்றை வேறுபடுத்தும் வழி இல்லையென்றால், அக்குறிக்குப் பொருளே இல்லை. இதற்கான தீர்வு, சங்கொலியின் வகைகளைப் பிரித்து மக்களுக்குக் கற்பிப்பது. நிறுவனம் தேர்ந்தது நிறுத்தும் விசையை. எப்போது நிறுத்தலாம் என்று விதி இருந்தது. எந்த நிலையில் நிறுத்தவே கூடாது, அதை யார் முடிவு செய்வது என்பதற்குத் தெளிவான விதி இருந்ததாக அன்றைய நிகழ்வுகள் காட்டவில்லை.

அதே நேரத்தில் தொலைபேசியில் நடந்ததும் பதிவாகியுள்ளது. சோலா பகுதி மக்கள் ஓடுகிறார்கள் என்ற செய்தி 1 மணியளவிலேயே காவல்துறையை எட்டிவிட்டது. 1:25 மணிக்கும் 2:10 மணிக்கும் இடையில் காவல்துறையினர் ஆலையை மும்முறை அழைத்தனர். இருமுறை எல்லாம் சரியாக உள்ளது என்ற பொருளிலும், கடைசியாக என்ன நேர்ந்ததென்று தெரியவில்லை என்ற பொருளிலும் பதில் கிடைத்தது. பின்னர் ஆலை ஊழியர் ஒருவர் காவல் கட்டுப்பாட்டு அறைக்கு நேரில் சென்று, கசிவு ஏற்பட்டது, அடைக்கப்பட்டுவிட்டது என்று தெரிவித்தார். கசிவை ஒப்புக்கொண்ட முதல் தகவலே, அது முடிந்துவிட்டது என்ற தகவலாகவும் இருந்தது.

ஹமீதியா மருத்துவமனையில் நோயாளிகள் குவிந்தனர். கசிந்தது அம்மோனியா என்று முதலில் சொல்லப்பட்டது, அடுத்துப் பாஸ்ஜீன் எனப்பட்டது, இறுதியில் ‘எம்.ஐ.சி.’ என்ற மூன்றெழுத்து வந்து சேர்ந்தது. ஆலைக்குள் நாள்தோறும் புழங்கிய அச்சுருக்கப்பெயர் மருத்துவர்கள் கேள்விப்படாத ஒன்று. அதற்குரிய மருத்துவம் என்ன என்ற குறிப்பு எதுவும் அவர்களிடம் இல்லை. தொழிற்குழுவுக்குள் புழங்கும் சுருக்கப்பெயர் வெளியே வெற்றொலியாகிவிடும் என்பது மொழியியலின் அரிச்சுவடி. அன்று அது நுரையீரல் நீர்கோத்து மூச்சுக்குத் தவித்தவர்களின் படுக்கையருகே நிகழ்ந்தது. சோடியம் தயோசல்பேட் கொடுக்கலாமா கூடாதா என்ற சர்ச்சையும் வாரக்கணக்கில் நீண்டது. 1985இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆய்வு நடத்தியபின்தான் அதற்கு ஆதரவான பரிந்துரை வந்தது.

6. ஓர் ஈரத்துணி

மெத்தில் ஐசோசயனேட் நீருடன் வினைபுரியும். ஆகவே ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்வதும், ஓடாமல் இருப்பதும், வாயு வீசும் திசைக்குக் குறுக்கே விலகுவதும் அதன் தாக்கத்தைப் பெரிதும் குறைத்திருக்கும். போபால் மக்கள் நேர்மாறானதைச் செய்தனர். கதவைத் திறந்து வெளியே வந்தனர். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். ஓட ஓட ஆழ்ந்து மூச்சிழுத்தனர். குட்டையானவர்களும் குழந்தைகளும் தரையை ஒட்டித் தேங்கிய கனமான வாயுவை மிகுதியாக உள்வாங்கினர்.

ஈரத்துணி எல்லா வீட்டிலும் இருந்திருக்கக்கூடிய வளம். அதைப் பயன்படுத்தச் சொல்லும் ஒரு வாக்கியம் மட்டுமே இல்லை. அவ்வாக்கியத்தை இந்தியிலும் உருதுவிலும் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்க ஆகும் செலவு எந்த ஆலைக்கும் பொருட்டன்று. அதைக் கொடுத்தால் ஆலையில் நஞ்சு இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். செலவு அங்கேதான் இருந்தது.

மாநில அரசு இறுதியாக உறுதிசெய்த உடனடி இறப்புகள் 3,787. தப்பிப் பிழைத்தோர் அமைப்புகளின் கணக்கு அதைவிடப் பன்மடங்கு. பாதிக்கப்பட்டோர் 5,58,125 பேர் என்று 2006இல் அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது.

7. அதே இரவில் பேசிய வேறொரு நிறுவனம்

ஆலையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத போபால் தொடர்வண்டி நிலையத்திலும் அன்றிரவு வாயு புகுந்தது. துணை நிலையக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், நடைமேடையில் நின்றிருந்த விரைவுவண்டியைக் குறித்த நேரத்துக்கு முன்பே அனுப்பிவைத்தார். போபாலை நோக்கி வரும் வண்டிகளை நிறுத்துமாறு அக்கம்பக்க நிலையங்களுக்குச் செய்தியும் சென்றது. ரயில்வே ஊழியர் பலர் பணியிடத்திலேயே மடிந்தனர்.

இதை ஒரு தனிமனிதரின் தியாகமாக மட்டுமே நாம் நினைவுகூர்கிறோம். தியாகம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது நடந்தேற ஓர் அமைப்பும் துணைநின்றது. ஆபத்து என்றால் அடுத்த நிலையத்துக்குச் சொல் என்பது ரயில்வேயின் அன்றாட ஒழுங்கு. அதற்கெனத் தனிக் கம்பித்தடம் உண்டு. எந்தச் சொல்லுக்கு எந்தச் செயல் என்ற பொதுப்புரிதலும் உண்டு. மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திராமல் அவர் முடிவெடுத்தார். அம்முடிவைக் கொண்டுசேர்க்கும் வழி முன்கூட்டியே அமைந்திருந்தது. வேதியியல் அறியாத ஒரு நிறுவனத்தால் எச்சரிக்க முடிந்தது. வேதியியலே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தால் முடியவில்லை.

8. நம்பிக்கையைப் பிறகு தயாரிக்க இயலுமா?

கலன்களில் எஞ்சியிருந்த 20 டன்னுக்கும் மேற்பட்ட நச்சுத் திரவத்தைச் செவினாக மாற்றித் தீர்ப்பது என்று அறிவியலாளர் எஸ். வரதராஜன் தலைமையிலான குழு முடிவெடுத்தது. டிசம்பர் 16ஆம் நாள் அப்பணி தொடங்கியது. அதற்கு ‘ஆபரேஷன் ஃபெய்த்’, அதாவது நம்பிக்கை நடவடிக்கை, என்று பெயரிட்டனர். இம்முறை அனைத்தும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டன. ஆலையைச் சுற்றி ஈரச் சாக்குகள் தொங்கவிடப்பட்டன. ஹெலிகாப்டர்கள் தண்ணீர் தெளித்தன. முதலமைச்சர் அர்ஜுன் சிங் ஆலைக்கே வந்து அமர்ந்தார். நடவடிக்கையும் விபத்தின்றி முடிந்தது.

அதற்குள் நகரம் பெருமளவில் காலியாகியிருந்தது. சொல்லப்பட்டவை உண்மையாக இருந்தும், எடுக்கப்பட்ட முன்னேற்பாடுகள் முறையாக இருந்தும், மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வண்டியேறினர். அவர்களின் முடிவில் பிழை இல்லை. ஒரு கூற்று மெய் என்று கேட்பவர் ஏற்பது, கூறுபவரின் முந்தைய கூற்றுகளைப் பொறுத்தது. இரு வாரங்களுக்கு முன் எல்லாம் சரியாக உள்ளது என்று கேட்ட நகரம் அது.

9. மொழி மட்டுமே காரணமா?

இங்கு ஒரு மறுப்புக்கு விடை கூறியாக வேண்டும். கையேட்டையும் அறிவிப்பையும் இந்தியில் தந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? இல்லை என்பதற்கு அதே நிறுவனத்தின் அடுத்த விபத்தே சான்று. 1985 ஆகஸ்ட் 11 அன்று மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிடியூட் ஆலையிலிருந்து ஆல்டிகார்ப் ஆக்சைம் என்னும் வேதிப்பொருள் கசிந்தது; நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் சென்றனர். அங்கே ஆலையும் ஊரும் ஒரே மொழி பேசின. போபாலின் நினைவு ஓராண்டுகூடப் பழையதாகவில்லை. இருந்தும் ஊராருக்கான எச்சரிக்கை தாமதமாகவே சென்றது. நிறுவனம் பேசத் தொடங்க எவ்வளவு உறுதி வேண்டும் என்று கருதுகிறதோ, அந்த அளவே தாமதத்தைத் தீர்மானிக்கிறது. மொழி அத்தாமதத்தை இன்னும் கொடிதாக்கும். அதன் வேர் அதிகாரத்தில் உள்ளது.

10. சட்டம் எழுதிய திட்டம்

போபாலுக்குப் பிந்தைய சட்டங்களை இந்தக் கோணத்தில் வாசித்தால், அவை அவ்விரவின் ஒவ்வொரு மௌனத்துக்கும் எழுதப்பட்ட விடைகளாகத் தெரியும். 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41பி பிரிவு, அபாயத் தொழில் நடத்துபவர் தம் ஆலையின் ஆபத்துகளைத் தொழிலாளர்களுக்கும் ஆய்வாளருக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் அருகில் வாழும் பொதுமக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆலைவளாக அவசரகாலத் திட்டம் வகுக்கவும் பணித்தது. அபாய வேதிப்பொருட்கள் குறித்த 1989ஆம் ஆண்டு விதிகள், ஆலைக்கு வெளியிலான திட்டத்தையும் ஒத்திகைகளையும், மக்கள் செய்யவேண்டியவை, செய்யக்கூடாதவை பற்றிய அறிவிப்பையும் கட்டாயமாக்கின. 1996ஆம் ஆண்டு விதிகள் மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் அளவிலான நெருக்கடிக் குழுக்களை அமைத்தன.

ஏட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2020 மே 7 அதிகாலை, விசாகப்பட்டினத்தின் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் இறந்தனர். ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு கண்டறிந்தவற்றுள் ஒன்று இது: அபாயச் சங்கு ஆலையில் இருந்தது, பல இடங்களிலிருந்தும் அதை இயக்க முடியும், எவரும் இயக்கவில்லை. வெங்கடாபுரம் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்தது நெடியால். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூரில் உரத்தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோதும், பெரியகுப்பத்து மக்களை எழுப்பியது நெடிதான்.

11. நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, ஒரு நிறுவனத்தின் நெருக்கடித் திட்டத்தை ஆராய்வோர் அதன் செய்தித்தொடர்பாளர் யார், முதல் அறிக்கை எத்தனை மணி நேரத்தில் வரும் என்பவற்றோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அபாயச் சங்கை ஒலிக்கும் அதிகாரம் மிகக் கீழ்நிலையில் உள்ள எந்தப் பணியாளருக்கு உண்டு? அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? இரவுப்பணியில் உள்ளவர் எந்த மொழியில் வாசிப்பார்? இன்றைய தமிழ்நாட்டு ஆலைகளில் ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசும் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் உள்ளனர். அன்று ஆங்கிலக் கையேட்டின் முன் நின்ற போபால் தொழிலாளியின் இடத்தில் இன்று தமிழ்ப் பலகையின் முன் அவர்கள் நிற்கிறார்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஆலையின் வேதிப்பொருட்களுடைய முழுப்பெயரும் சிகிச்சைக் குறிப்பும் இருக்கின்றனவா? செலவைக் குறைக்கும் ஒவ்வொரு முடிவாலும் எந்த எச்சரிக்கைக் கருவி ஊமையாகிறது என்று யாரேனும் கணக்கிடுகிறார்களா?

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. விதிகளின்படி மக்களுக்குத் தரப்பட வேண்டிய இந்தத் துண்டறிக்கைகளை எவரும் முறையாகத் தொகுத்து ஆராய்ந்ததாக நான் காணவில்லை. உங்கள் மாவட்டத்தில் பேரபாயத் தொழிற்சாலை எனப் பதிவானது எது என்று பாருங்கள். அதைச் சுற்றியுள்ள தெருக்களில், கசிவு நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். துண்டறிக்கை கிடைத்திருந்தால், அது எந்த மொழியில், எத்தகைய நடையில் உள்ளது என்று பதிவு செய்யுங்கள். கிடைக்கவில்லை என்ற விடையும் தரவுதான்.

இழப்பீட்டை உயர்த்தக் கோரிய மறுசீராய்வு மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு அகற்றப்பட்டது. கழிவு வருகிறது என்று அறிந்ததும் பீதம்பூர் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர். பாதுகாப்பாகவே எரிக்கப்படும் என்று அவர்களுக்கு உறுதி சொல்லப்பட்டது. அவர்கள் நம்பவில்லை. 40 ஆண்டுகளுக்கு முன் நிறுத்தப்பட்ட சங்கின் விலையை இன்னும் செலுத்திக்கொண்டிருக்கிறோம்.